மேல எல்லாம் லைட்டா இருக்கணும்

நியூஜெர்சியில் கடலுக்கே போகாமல் கடற்படையில் இருந்த ஒரே தமிழர் எங்கள் க்ரூசர் சார்தான். உடம்புக்கு ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் மருந்துக் கம்பெனி வேலை. மனசுக்கு இரண்டாம் உலகப்போரின் லைட் க்ரூசர் கப்பல். நிஜப் பெயர் அவருடைய கிரீன் கார்டில் இருந்திருக்கும்.

"லைட் க்ரூசர்னா என்ன சார்?" என்று ஒரு விருந்தில் கேட்டுத் தொலைத்தேன். என் தட்டிலிருந்த நாலு இட்லியை வரிசையாக வைத்தார்.

"இதெல்லாம் பீரங்கி. கவசம் மெல்லிசு, வேகம் ஜாஸ்தி. பெரிய கப்பலைக் கண்டா ஓடணும், சின்னக் கப்பலைக் கண்டா துரத்தணும்."

"எங்க மேனேஜர் மாதிரி."

"கரெக்ட்! ஆனா விமானத்துக்குப் பயந்து மேல மேல துப்பாக்கியா சேத்துட்டாங்க. மேல கனம் ஏறினா கப்பல் சாயும்யா."

அதற்குள் பீரங்கிகள் ஆறிவிட்டன.

சூப்பர்மார்க்கெட்டில் யாரோ ஒரு அம்மாளின் வண்டியை மறித்து, தர்பூசணியைக் கீழே, சிப்ஸை மேலே அடுக்கிக் கொடுத்த மனிதர் அவர். தொண்ணூற்றேழில் கராஜில் ஆறடி க்ரூசர் ஒன்றைக் கட்ட ஆரம்பித்தார். "கார் ரெண்டு விண்டரா வெளிய நிக்குது. பனியைச் சுரண்டறது கேப்டனா, நானா?" என்பார் அவர் மனைவி.

விளையாட்டுக்குக் கட்டவில்லை. பக்கத்து வீட்டு ஃபிராங்க், அந்த மாதிரிக் கப்பலில் பீரங்கி வீரராக இருந்தவர். வயசாகி, மகளோடு இருக்க ஃப்ளோரிடாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஊரைவிட்டுக் கிளம்புகிற ஞாயிற்றுக்கிழமை காலை, காலனி நீச்சல்குளத்தில் கப்பல் மிதப்பதை அவர் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். க்ரூசர் சாருக்கு வேறு ஆசையே இல்லை.

சனிக்கிழமை ஷிஃப்டிலிருந்து எனக்குப் போன் செய்தார். "கொடிக்கம்பம், ஏணி எல்லாம் நீ மாட்டிடுய்யா. மேல எல்லாம் லைட்டா இருக்கணும். மறந்துடாதே!"

நான் மறக்கவில்லை. தீபாவளிக்கு வாங்கிய சீரியல் லைட்டை முன்னும் பின்னும் சுற்றி, புகைபோக்கி உச்சியில் நாலு பெரிய டார்ச் பேட்டரிகளைக் கட்டி, போர்வையால் மூடி வைத்தேன்.

காலையில் போர்வையோடு கொண்டுபோய்க் குளத்தில் இறக்கி, நானே பெருமையாகத் திறந்தேன். க்ரூசர் சார் வாயைத் திறப்பதற்குள் கப்பல் நாலடி போனது. திரும்பியது. பிறகு தூக்கம் வந்த மாதிரி மெதுவாக ஒருக்களித்துப் படுத்தது. லைட்டுகள் மட்டும் கடமை தவறாமல் எரிந்தன.

"யோவ்! லைட்டான்னா... வெயிட்யா, வெயிட்!"

"வெயிட் பண்றேன் சார்."

அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஃபிராங்க் பக்கம் திரும்பினேன். கிழவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் கப்பலும் திருப்பத்தில் இப்படித்தான் சாயும், நாங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்துவோம் என்றார். குளத்தோரம் மண்டியிட்டுக் கையாலேயே கப்பலை நிமிர்த்தினார். "தட்ஸ் ஹர்," என்றார், தன் பழைய கப்பலையே கண்டுவிட்ட மாதிரி. வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

அடுத்த வாரம் பயந்து பயந்து கராஜுக்குப் போனேன். பேட்டரி, ஒயர் எல்லாம் போயிருந்தது. கொடிக்கம்ப உச்சியில் எரியாத பல்பு ஒன்று மட்டும் மிச்சம்.

"இது எதுக்கு சார்?"

"ஒரு பல்பைத் தாங்கும்யா இந்தக் கப்பல்," என்றார் க்ரூசர் சார். பல்பைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துத்தான்.