மாமாவின் பிரதியில் மட்டும் ஓடும் ரயில்

பேரன்புக்கும் பெருமரியாதைக்கும் உரிய மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள், மருமகள் எழுதிக்கொள்வது. நாங்கள் மூவரும் நலம். நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள், இந்தக் கடிதத்தைக் கடைசி வரி வரை படித்த பிறகும் நலமாகவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆறு வாரத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டியது. கையில் குழந்தை, அதனால் தாமதம் என்று சொன்னால் பாதிதான் உண்மை. மீதிப் பாதி பயம்.

குழந்தை குண்டுமணிக்குக் கீழ் வரிசையில் இரண்டு பல் வந்துவிட்டது. தவழ்கிறாள். எடையெல்லாம் சரியாக ஏறுகிறது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். நான் மூன்றாவது தடவை கேட்டபோது, "அவளுக்கு எடை ஏறுது, உங்களுக்குச் சந்தேகம் ஏறுது, ரெண்டும் நல்லாத்தான் வளருது" என்றும் சொன்னார். ஆக, குறை ஒன்றும் இல்லை, ஒன்றைத் தவிர.

அவளுக்கு மூன்று மாதமாக இருந்தபோது பார்க்க வந்தீர்களே, அப்போது கொடுத்த டிவிடியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வெள்ளை உறை, மேலே உங்கள் கையெழுத்தில் படத்தின் பெயர். "அம்மாடி, பொம்மைய யார் வேணா வாங்கித் தருவாங்க. தொட்டில்லயே ரசனை வரணும். இந்தப் பிரதி எந்தக் கடையிலயும் கெடைக்காது, பாத்துக்க" என்றீர்கள். பழைய கறுப்பு வெள்ளை ஸ்டேஷன் மாஸ்டர் படம். நாற்பது தடவை பார்த்தும் அந்தப் புயல் காட்சியில் ஒரு தடவைகூடக் கண் இமைத்ததில்லை என்று நீங்கள் சொன்னதும், அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதை நான் அப்போது சரியாகக் கவனிக்கவில்லை.

உங்கள் வாய் முகூர்த்தமோ என்னவோ, தாலாட்டு, தட்டல், தோளில் போட்டு நடை எதற்கும் மசியாத குழந்தை, அந்தப் படத்தைப் போட்ட முதல் நாளே மத்தியானம், ஸ்டேஷன் மாஸ்டர் தனியாக விளக்கைப் பிடித்துக்கொண்டு மழையில் நிற்கும் இடத்தில், தூரத்தில் அந்த நீராவி எஞ்சின் "கொர்ர்ர்... புஸ்ஸ்..." என்று மூச்சு விட்டுக்கொண்டு வர ஆரம்பித்ததும், கண்ணைச் சொருகினாள். மறுநாளும் அப்படியே. நான் புள்ளியியல் படித்தவள் இல்லையா, வரைபடம் போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். ஐம்பத்து நான்கு நாளில் ஐம்பத்து மூன்று நாள் தூக்கம். மீதி ஒரு நாள் தடுப்பூசி. அவள் கண் மூடியதும் நான் சத்தத்தை அடக்கிவிட்டு அங்கேயே சாய்ந்துவிடுவேன், அந்த இடத்தைத் தாண்டிப் படத்தில் என்ன நடக்கிறதென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அடுத்த மாதம் நான் வேலைக்குத் திரும்புகிறேன். உங்கள் மாப்பிள்ளை வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டு குழந்தையையும் பார்ப்பதாக ஏற்பாடு. மத்தியானம் ஒன்றரை மணி நேரம் அவள் தூங்கினால்தான் அந்த ஏற்பாடு நிற்கும், இல்லையென்றால் ஒன்று அவர் வேலை போகும், இல்லை என் வேலை போகும்.

இப்போது மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். அவள் வாயில் போட்டதை எல்லாம் வெந்நீரில் போட்டு எடுப்பது என் வழக்கம். சீப்பு, சாவிக்கொத்து, உங்கள் மாப்பிள்ளையின் கைக்கடிகாரம் (அதற்குத் தனிக் கடிதம் எழுத வேண்டும்). ஒருநாள் உங்கள் டிவிடியை நக்கிவிட்டாள். அரைத்தூக்கத்தில் இருந்தேன் மாமா, பால் புட்டிகளோடு சேர்த்து அதையும் கொதிக்க வைத்துவிட்டேன். எடுத்துப் பார்த்தால் படகு மாதிரி வளைந்திருந்தது, மேல் பூச்சு உரிந்து தண்ணீரில் மிதந்தது.

போனால் போகிறது, பெயர் பெற்ற படம்தானே, கடையில் வாங்கிவிடலாம், உங்களுக்குத் தெரியவே வேண்டாம் என்று கிளம்பினேன். கடைக்காரர் பழைய படங்களுக்கென்றே உயிர் வாழ்பவர். மூன்றை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று சாதாரணம். இன்னொன்று கோடு, புள்ளி, இரைச்சல் எல்லாம் துடைத்துப் புதுப்பித்தது. மூன்றாவது பெட்டி: இரண்டு டிவிடி, ஒரு புத்தகம், படம் முழுக்க ஒரு பேராசிரியர் பக்கத்திலிருந்து விளக்கம் சொல்லும் வசதி.

"எதுக்கும்மா கேக்கறீங்க? பாக்கறதுக்கா, சேத்து வெக்கறதுக்கா?"

"தூங்கறதுக்கு."

மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தது கண்ணாடியை மட்டும்தானா என்று தெரியவில்லை.

சாதாரணத்தை வாங்கி வந்தேன். மழை வந்தது, விளக்கு வந்தது, எஞ்சின் வரவில்லை. குண்டுமணி தலையைத் தூக்கிக் காத்திருந்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், பிறகு அழுதாள். சரி, மட்டமான பிரதி என்று புதுப்பித்ததை வாங்கினேன். மழை ஒவ்வொரு சொட்டாகத் தெரிந்தது. கை தட்டிப் பார்த்தாள், தூங்கவில்லை. பெட்டியையும் வாங்கினேன். பேராசிரியர் பேச ஆரம்பித்த நாலாவது நிமிடம் உங்கள் மாப்பிள்ளை தூங்கிவிட்டார், குழந்தை அவர் மூக்கைப் பிடித்து எழுப்பினாள். எஞ்சின் அதிலும் இல்லை.

எனக்கு வந்ததே கோபம். மூன்றையும் அள்ளிக்கொண்டு கடைக்குப் போய், "புதுப்பிக்கறேன்னு சொல்லி எஞ்சினையே துடைச்சிட்டாங்க" என்று சண்டை பிடித்தேன்.

"அம்மா, நான் இந்தப் படத்த முப்பது தடவ பாத்தவன். அந்தக் காட்சியில ரயிலே கெடையாது."

"வருதுங்க. தினமும் வருது."

"ரயில் வராததுதாம்மா காட்சியே! அந்த அமைதிக்குத்தான் ஊரே அழுதுச்சு!"

விடுவேனா? உங்கள் மாப்பிள்ளை ஒருநாள் குழந்தை தூங்கும் அழகை செல்போனில் எடுக்கிறேன் என்று டிவி பக்கத்தில் வைத்து, படத்தின் சத்தத்தையும் அடக்காமல், நிறுத்த மறந்து, பதினாலு நிமிடம் ஓடவிட்டிருந்தார். அதைப் போட்டுக் காட்டினேன். கடைக்காரர் காதில் ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். முகம் மெல்ல மாறியது.

"அம்மா, எஞ்சினுக்கு இருமல் வருதே?"

"பழைய எஞ்சின்."

"இப்ப புரண்டு படுக்குது."

பிறகு ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டினார். மழை. கொர்ர்ர், புஸ்ஸ். அப்புறம் தெள்ளத் தெளிவாக நம் அத்தையின் குரல்: "ஏங்க, கேமராவ வெச்சிட்டு இப்படித் தூங்கினா என்ன அர்த்தம்? உள்ள போய்ப் படுங்க." அதற்கு எஞ்சின் சொன்ன பதில்: "யாரு தூங்கினா? கண்ண மூடிப் பாத்துட்டிருக்கேன்."

மாமா, டிவியில் போட்ட படத்தை எதிரே கேமரா வைத்துப் பிடித்தீர்கள், சரி. எந்தக் கடையிலும் கிடைக்காத பிரதி என்றீர்கள், அதுவும் சத்தியமான வார்த்தை. கடைக்காரர் எழுந்து நின்று, "இந்தக் கலைஞர் யாரு? உயிரோட இருக்காரா?" என்று கேட்டார்.

அதனால் ஒரு சின்ன வேண்டுகோள். பெட்டிப் பதிப்பை இத்துடன் உங்களுக்கே அனுப்புகிறேன், கெடுத்த பொருளுக்கு ஈடாக. சாப்பிட்ட பிறகு உங்கள் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து புயல் காட்சியைப் போடுங்கள். பக்கத்தில் அத்தை செல்போனை வைத்துவிடுவார். நீங்கள் வேறொன்றும் செய்ய வேண்டாம், படத்தை மட்டும் பாருங்கள். இதை எழுதும்போது உங்கள் மாப்பிள்ளை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாயாலேயே எஞ்சின் ஓட்டிக்கொண்டு நடக்கிறார். கீழ் வீட்டுக்காரர் வந்து தண்ணீர் மோட்டார் ரிப்பேரா என்று கேட்டுவிட்டுப் போனார். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், பெயர் தெரியாத எஞ்சினை நம்பித் தூங்கவில்லை என் மகள், சொந்தத் தாத்தா மூச்சைக் கேட்டுத் தூங்கியிருக்கிறாள். அதை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

உங்கள் ஆசி எப்போதும் எங்களுக்கு வேண்டும், சத்தமாக இருந்தால் இன்னும் நல்லது. அத்தைக்கு என் வணக்கம், குண்டுமணியின் எச்சில் முத்தம்.

இப்படிக்கு,
பணிவுள்ள மருமகள்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குமுன் மாமா மனம் நோகுமோ என்று பயந்து அத்தைக்குப் போன் போட்டேன். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். நீங்கள் படம் பார்க்க வேண்டாம், நீங்கள் குறட்டை விடுவதும் இல்லை. முப்பது வருடமாக நீங்கள் ஒத்துக்கொள்ளாததால் அத்தை சாட்சிக்காகப் பதிவு செய்து வைத்த கேசட்டுகளே பதினேழு இருக்கின்றனவாம். "எதுடி வேணும்? சாதாரணமா, சளி பிடிச்சதா, பேச்சு கலந்த முழு நீளமா?" என்று கேட்டார். கடையில் நின்று குழம்பியது போதாதா, ஒரே வார்த்தையில் சளி பிடித்ததைச் சொல்லிவிட்டேன். அதில்தான் ரயில் ஸ்டேஷனுக்குள் வந்தே நிற்கிறதாம்.