போட்டுறாதிய அக்காவும் ஆறு ஹேண்டில்பாரும்

குப்பை வண்டிக்காரர்களே பார்த்துப் பயப்படுகிற பெண்மணி இந்த உலகத்தில் ஒருவர் உண்டென்றால், அது இராஜபாளையத்தில் எங்கள் காம்பவுண்டில் இருக்கும் போட்டுறாதிய அக்காதான். காலையில் வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு தெருவுக்குள் நுழைந்ததும் அக்கா கேட்டில் வந்து நின்றுவிடுவார். ஐந்து வீட்டுக்காரர்களும் வாளியோடு அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்க்கிற அதிகாரி மாதிரி ஒவ்வொரு வாளிக்குள்ளும் எட்டிப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "அத போட்டுறாதிய" என்பார். எதைச் சொல்கிறார் என்று நாம் யோசிப்பதற்குள் அது அவர் கைக்குப் போயிருக்கும். வண்டிக்காரருக்கு எங்கள் காம்பவுண்டில் மிஞ்சுவது வெங்காயத் தோலும் முட்டை ஓடும்தான். முட்டை ஓட்டிலும் பாதி ரோஜாச் செடிக்குப் போய்விடும்.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். எங்களுக்குத் தெரியாது. கூரியர்காரர்கூட "போட்டுறாதிய அக்கா வீடு எது?" என்றுதான் கேட்டு வருவார்.

அக்காவுக்கு ஊருக்கு வெளியே பேண்டேஜ் துணி நெய்கிற யூனிட்டில் மடித்துப் பேக் பண்ணுகிற வேலை. அங்கே கழித்துப் போட்ட, வலை மாதிரியான காஸ் துணியைக் கேட்டு வாங்கிவந்து, டீ டிகாஷனில் சாயம் ஏற்றி, தன் வீட்டு ஜன்னலுக்கெல்லாம் திரை போட்டார். பார்க்க அவ்வளவு அழகு. கொசுவும் வரவில்லை. ஆனால் டிகாஷனைக் கொடுத்த டீக்கடைக்காரர் அதில் ஏற்கெனவே சர்க்கரை போட்டிருந்தார் போலிருக்கிறது. மூன்று நாளைக்கு மாவட்டத்து எறும்பு முழுவதும் அந்த ஜன்னலில் ஊர்வலம் போனது. அக்கா அசரவில்லை. திரையை அலசிப் போட்டுவிட்டு, "கலர் நிக்குதான்னு பாத்தேன், நிக்குது" என்றார்.

ஓடாத பிரிட்ஜை அவர் புடவை அலமாரியாக வைத்திருப்பது தெரியாமல், ஒரு விருந்தாளி குளிர்ந்த தண்ணீர் எடுக்கத் திறந்து, இஸ்திரி போட்ட பட்டுப்புடவைகளைப் பார்த்து, மன்னிப்புக் கேட்டுக் கதவைச் சாத்தினார். எங்கள் வீட்டு உடைந்த மிக்ஸி ஜார் அவர் வீட்டில் பல்துலக்கும் பிரஷ் வைக்கிற கிண்ணமானது. என் மனைவி செல்வி அதை ஒரு மாதிரி பார்த்ததும், "பயப்படாத, பிளேட கழட்டிட்டேன்" என்றார்.

அக்காவின் கணவர் ராணுவத்தில் இருந்தார். வருஷத்துக்கு இரண்டு தடவை லீவில் வருவார். ஒவ்வொரு தடவையும் அது அவருக்குப் புது வீடு. ஒரு தடவை அவர் கத்தியது சுவர் தாண்டி எங்களுக்குக் கேட்டது.

"ஏட்டி, எம் பழைய இரும்புப் பொட்டிய எங்க?"

"அதுமேலதான் ஒக்காந்திருக்கிய."

நிஜம்தான். பெட்டிக்கு மெத்தை தைத்து, கால் வைத்து, சோபாவாக்கியிருந்தார். வடக்கேயிருந்து என்ன வாங்கி வரட்டும் என்று அந்த மனிதர் கேட்டபோது, சேலை கேட்காமல் டிரில்லிங் மெஷின் கேட்ட மனைவி இவர். அவரும் வாங்கிவந்தார். எல்லை காக்கிற வேலையைவிட அதை ரயிலில் தூக்கிவந்ததுதான் கஷ்டம் என்று என்னிடம் சொன்னார்.

"இதையெல்லாம் வீடியோ எடுத்துப் போடுங்கக்கா, லட்சம் பேர் பாப்பாங்க" என்று செல்வி ஒருநாள் சொன்னாள்.

"போட்டா பொறவு எல்லாரும் இதயே செய்ய ஆரம்பிச்சிருவாவ. எனக்கு சாமான் கெடைக்காது" என்றார் அக்கா.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் என் அப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்டது.

அப்பா போலீஸில் ஏட்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். அம்மா போனபிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் சொந்த வீட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டு, யாருக்கும் கட்டுப்படாமல் இருந்தவர். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் வாடகை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். பேச்சு திரும்பிவிட்டது. வலது கை, வலது காலில் பழைய பலம் இருந்தது. இடது பக்கம்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. டாக்டர் நடக்கச் சொன்னார். அப்பா நடக்கவில்லை. எங்கள் வீடு ரயில்பெட்டி மாதிரி. முன்னறை, அதிலிருந்து நீளமாக ஒரு நடை, கடைசியில் பாத்ரூம். நான் காலையில் கிருஷ்ணன்கோவில் பக்கம் கல்லூரி லேப் வேலைக்குப் போய்விட்டால், அந்த நடையைக் கடக்க அவர் மருமகளின் தோளைப் பிடித்தாக வேண்டும். ஊரையே அதட்டிய மனிதருக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

ஒரு சாயங்காலம் அக்கா எட்டிப் பார்த்தபோது செல்வி கண் கலங்கி நின்றாள். "மாமா தண்ணியே குடிக்க மாட்டேங்காவக்கா. வச்ச டம்ளர் வச்சபடி இருக்கு. யூரின்ல இன்ஃபெக்‌ஷன் வந்துரும்னு டாக்டர் திட்டுதாரு."

அக்கா டம்ளரைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். நடையின் கடைசியில் இருந்த பாத்ரூம் கதவைப் பார்த்தார்.

"அவிய தண்ணி வேண்டாங்கல செல்வி. குடிச்சா பொறவு ஒன்ன கூப்பிடணும்லா, அத வேண்டாங்காவ."

பத்து நாளாக எங்கள் இருவருக்கும் உறைக்காதது அது. நான் கடையில் போய் சுவரில் பதிக்கிற ஸ்டீல் கைப்பிடிகளைப் பார்த்தேன். நடை முழுக்க வைக்க ஆகும் விலையைக் கேட்டேன். வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எல்லாக் கடைக்காரர்களுக்கும் அந்த வாக்கியத்தின் அர்த்தம் தெரியும்.

நான் சொன்ன விலையைக் கேட்ட அக்கா, சனிக்கிழமை காலையில் ஸ்பானரோடு கிளம்பினார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கொடுத்த சைக்கிள் எங்கள் காம்பவுண்டில் வீட்டுக்கு ஒன்று உண்டு. பிள்ளைகள் வளர்ந்து ஸ்கூட்டிக்குப் போய்விட்டதால், அவை மாடிப்படிக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தன. ஒரு மணி நேரத்தில் ஐந்து சைக்கிளும் தலையில்லாமல் நின்றன. ஐந்து ஹேண்டில்பாரையும் அக்கா உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து பரப்பினார்.

அப்பா படுக்கையிலிருந்து தலையை நிமிர்த்தினார். போலீஸ்காரர் கண் விழித்துக்கொண்டது.

"ஏம்மா, இம்புட்டு ஹேண்டில்பார் எங்க இருந்து வந்துச்சு?"

"அஞ்சு வீட்டுச் சைக்கிள்ல கழட்டுனது, ஏட்டையா."

"கேட்டு எடுத்தியா, கேக்காம எடுத்தியா?"

"கேட்டுதான் ஏட்டையா."

"சாட்சி?"

அக்கா வெளியே போனார். கால் மணி நேரத்தில் ஒரு நோட்டுத்தாளோடு திரும்பினார். ஐந்து வீட்டுக்காரர்களும் மனப்பூர்வமாகக் கொடுத்ததாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மூன்றாவது கையெழுத்து என்னுடையது. அப்பா அதைக் கண்ணாடி போட்டு வாசித்து, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். "ம், நடக்கட்டும்" என்றார்.

அன்று முழுக்க டிரில்லிங் மெஷின் அலறியது. தான் சேர்த்து வைத்திருந்த ஒரு உடைந்த கட்டிலின் சட்டங்களை அக்கா சுவரில் போல்ட் போட்டு இறுக்கினார். சட்டத்தில் கிளாம்ப் வைத்து ஹேண்டில்பார்களைப் பூட்டினார். கட்டிலருகே ஒன்று, நடையில் மூன்று, பாத்ரூம் வாசலில் ஒன்று. ரப்பர் பிடி, மணி எல்லாம் அப்படியே இருந்தன.

"அக்கா, பிரேக்கக் கழட்டலியா?"

"இருக்கட்டும் தம்பி. அவியளுக்கு ஒரு தைரியம்."

பிறகு என்னைப் பார்த்து, "தொங்குங்க" என்றார்.

"நானா?"

"ஏட்டையாவ தொங்கவிட்டா டெஸ்ட் பண்ண முடியும்?"

நான் முழங்காலை மடக்கி ஒவ்வொன்றிலும் தொங்கினேன். எதுவும் அசையவில்லை. அப்பா படுக்கையிலிருந்து பார்த்தார். "ஏலே, காலேஜ்ல ஒனக்கு இதுக்குத்தான் சம்பளம் குடுக்காங்களா?" என்றார். அவர் கேலி பேசி ஒரு மாதம் ஆகியிருந்தது.

மறுநாள் காலை அப்பா எழுந்தார். யாரும் பக்கத்தில் வரக் கூடாது என்று உத்தரவு. வலது கையால் முதல் ஹேண்டிலைப் பிடித்தார். நின்றார். பிரேக்கை அழுத்திப் பார்த்தார். அடுத்ததற்குப் போனார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிரேக் பிடித்து, மூச்சு வாங்கி, கடைசியில் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். செல்வி அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. கதவு திறந்தது. ஆள் வரவில்லை. 'கிணிங், கிணிங்' என்று மணிச்சத்தம் மட்டும் வந்தது.

ஓடிப் போய்ப் பார்த்தேன். போகும்போது வலது பக்கம் இருந்த சுவர், திரும்பி வரும்போது இடது பக்கம் வந்துவிட்டது. இடது கைக்குப் பிடிக்கத் தெரியாது. அந்தச் சின்ன விஷயத்தை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. அப்பா என் தோளைத் தொடவில்லை. முதுகைக் காட்டித் திரும்பி நின்று, வலது கையால் பிடித்துக்கொண்டு, அத்தனை தூரமும் ரிவர்ஸிலேயே வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"போறதுக்கு ரோடு போட்டவ வாறதுக்குப் போடலியே" என்றார்.

விஷயம் தெரிந்ததும் அக்கா தலையில் கைவைத்தார். உடனே நடையில் ஒன்று விட்டு ஒன்றாக இரண்டைக் கழற்றி எதிர்ச்சுவரில் மாட்டினார். போக மூன்று, வர இரண்டு. வருகிற வழியில் நடுவில் ஒன்று குறைந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் வீட்டு ஓனர் வந்தார். டிரில் சத்தத்தை யாரோ சொல்லியிருக்கிறார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக நடைக்குள் வந்தவர், தடுமாறிவிடாமல் இருக்க முதல் ஹேண்டிலைப் பிடித்தார். பிடித்தபடியே என்னைத் திட்டினார்.

"செவத்துல ஒரு ஆணி அடிக்கப்படாதுன்னு வீடு விடும்போதே சொன்னேன்லா?"

நான் வாயைத் திறக்குமுன் அக்கா பதில் சொன்னார். "ஆணி ஒண்ணுகூட அடிக்கல. பூராம் போல்ட்டு."

ஓனர் குனிந்து போல்ட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் மணி அடித்தது. அப்பா பாத்ரூமுக்குக் கிளம்பியிருந்தார். நடையில் ஒருவர்தான் போக முடியும். ஓனர் வயிற்றை உள்ளிழுத்துச் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார். அப்பா ஒவ்வொரு பிடியாகப் பிடித்துப் போவதைக் கடைசிவரை பார்த்தார். கதவு சாத்தியதும் குரலைத் தாழ்த்தி, "யாரும் பிடிக்காமலா போறாவ?" என்று கேட்டார்.

"போயிருவாவ. வாறதுக்குத்தான் ஒரு ஹேண்டில் கொறையுது" என்றார் அக்கா. "ஒங்க மொட்டைமாடியில ஒரு சைக்கிள் கெடக்குல்லா?"

சாயங்காலம் ஓனரே ஸ்கூட்டரில் ஆறாவது ஹேண்டில்பாரைக் கொண்டுவந்தார். அதில் ஒரு பாம் பாம் ஹாரன் இருந்தது. அப்பா எழுந்து உட்கார்ந்து, அது கேட்டு வாங்கியதுதானா என்று விசாரித்து, ஓனரிடமும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் முன்னறையிலிருந்து குரல் வந்தது.

"செல்வி, அந்தச் செம்புல தண்ணி கொண்டா தாயி."

ஒரு செம்பையும் நிறுத்தாமல் குடித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மெதுவாக நடந்தது. எட்டு மாதத்தில் அப்பா கைத்தடியோடு தெருமுனை வரை போய்வந்தார். ஒருநாள், "எங்க வீட்டுக்குப் போறேன்" என்றார். தடுத்துப் பார்த்தோம், கேட்கவில்லை. அக்கா யூனிட்டில் லீவு சொல்லிவிட்டு, ஆறு ஹேண்டில்பாரையும் சாக்கில் கட்டி, டிரில்லிங் மெஷினோடு எங்களுடன் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினார். அந்த வீட்டில் போகிற வழி, வருகிற வழி இரண்டையும் முதலிலேயே அளந்துதான் மாட்டினார். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு போல்ட்டையும் எடுத்துக் கொடுத்தார்.

இப்போது நான் ஞாயிற்றுக்கிழமை தோறும் அப்பாவைப் பார்க்கப் போகிறேன். கிளம்பும்போது அக்காவுக்கென்று ஒரு துணிப்பை தருவார். "அந்தப் பிள்ளைகிட்ட குடு. எதுக்காவது ஆகும்."

உள்ளே என்ன இருக்கும் என்கிறீர்கள்? மாத்திரை தீர்ந்த அட்டை, மை தீர்ந்த பேனா, அறுந்த செருப்பு வார், பால் பாக்கெட்டின் மூலையில் வெட்டின துணுக்கு. கடவுளே வந்தாலும் அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. வழியில் எங்காவது கொட்டிவிடலாமா என்று பல தடவை நினைத்ததுண்டு. ஆனால் அக்கா கை கழுவிவிட்டு வந்து பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். "ஏட்டையா நல்லா இருக்காவளா, தண்ணி குடிக்காவளா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவார்.

போன மாதம் அவர் வீட்டுப் பரணில் ஏதோ எடுத்துக் கொடுக்க ஏறினேன். அப்பாவின் பைகள் வாரம் வாரமாக, முடிச்சுகூட அவிழ்க்காமல், வரிசையாக அடுக்கியிருந்தன. கிடைக்கிற எதையும் இன்னொன்றாக மாற்றாமல் விடாத அந்த வீட்டில், எதற்கும் ஆகாமல் சும்மா இருந்தவை அவை மட்டும்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா கொடுத்த பையைப் பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டு வந்து, அக்கா கையில் கொடுத்தேன்.