ஓடாத டிராமும் ஒதுங்கிப் போன ரோடும்

ஓடாத வண்டியிலிருந்து ஒருவரும் தவறி விழாமல் பார்த்துக்கொண்ட கண்டக்டர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் டிராம் அண்ணன்.

கொழும்பில் டிராம்களை நிறுத்தியபோது, தான் வேலை பார்த்த வண்டியையே வாங்கிவிட்டார். சக்கரம் கழற்றிய அதன் உடம்பை லொறியில் ஏற்றி வந்து, நுவரெலியா மலையில் கந்தப்பளை ரோட்டோரம் கருங்கற்கள் மேல் இறக்கினார். அதுதான் தேநீர்க்கடை. அதன் கடைசி இருக்கைதான் அவர் படுக்கை. பஸ்காரர்கள் அந்த இடத்துக்கு 'டிராமடி' என்று பேர் வைத்தார்கள்.

டிராம் இருக்கைகளின் முதுகுச் சாய்வைப் புரட்டிப் போடலாம். வண்டி எந்தப் பக்கம் போனாலும் முன்னால் பார்த்து உட்காரலாம். காலையில் எல்லாம் கந்தப்பளையைப் பார்த்திருக்கும். மத்தியானம் மணி அடிக்கும்.

"எந்திரிங்க, எந்திரிங்க! வண்டி நுவரெலியாவுக்குத் திரும்புது!"

சாயத்தண்ணிக் குவளையோடு எழுந்து நிற்போம். அவர் புரட்டுவார். திரும்பி உட்காருவோம். பறித்த தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுவிட்டு வரும் பெண்கள் சும்மா விடமாட்டார்கள்.

"ஏண்ணே, இன்னும் நகரலியே ஒங்க வண்டி?"

"நீங்க வாய மூடிக்கிட்டு உக்காந்தாத்தானே தங்கச்சி நகரும்!"

ஒருநாள் ரோட்டு ஓவசியர் வந்தார். ரோடு அகலமாகப் போகிறதாம். டிராம் குறுக்கே நிற்கிறதாம். உடைத்து அப்புறப்படுத்த வேண்டுமாம்.

"எப்பங்க காலி பண்றீங்க?"

அண்ணன் மணிக்கயிற்றைப் பிடித்தபடியே நின்றார்.

"ஓடுற வண்டியில அதெல்லாம் பேசக்கூடாதுங்கய்யா. உக்காருங்க. நின்னதும் பேசுவோம்."

ஓவசியர் சிரித்தபடி உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்துப் பள்ளத்திலிருந்து பனி ஏறியது. திறந்த பக்கங்களில் வெள்ளை வெள்ளையாக ஓடத் தொடங்கியது. தேயிலைச் செடிகள் பின்னோக்கி நழுவின. சவுக்கு மரம் ஒன்று வந்தது, போனது. மலை கரைந்தது. ஊர் பேர் தெரியாத எங்கோ நாங்கள் போய்க்கொண்டிருந்தோம். ஓவசியர் பித்தளைக் கம்பியை இறுகப் பிடித்திருந்தார்.

"கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லுங்க" என்றார், தன்னை அறியாமல்.

அண்ணன் மணிக்கயிற்றை ஒருமுறை இழுத்தார். பனி விலகியது.

"நின்னுருச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஓவசியர் இறங்கினார். டிராமை வெகுநேரம் பார்த்தார். பிறகு அளவுச் சங்கிலியை எதிர்ப்பக்கத்து மண்மேட்டுக்கு இழுத்துப் போனார்.

"அந்தப் பக்கம் வெட்டிக்கிறோம். ரோடு கொஞ்சம் ஒதுங்கிப் போகட்டும்."

இப்போது அண்ணனும் இல்லை, டிராமும் இல்லை. நேராக வரும் ரோடு அங்கே மட்டும் காரணமே இல்லாமல் வளைகிறது. பஸ் அதில் திரும்பும்போதெல்லாம் எல்லோரும் சாய்கிறார்கள். நான் மட்டும் கம்பியைப் பிடிப்பதில்லை. அவர் என்னை விழ விடமாட்டார்.