கம்ப்யூட்டர் மாமாவின் வயலின்கள்

வயலின்காரர்களைக் கம்ப்யூட்டருக்குள் அடைத்து, போர்வையில் சுற்றி, ஆட்டோவில் கல்யாணத்துக்குக் கொண்டுவந்த முதல் மனிதர், எனக்குத் தெரிந்து உலகத்திலேயே கம்ப்யூட்டர் மாமாதான். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் மெல்லிசைக் குழுவில் நான் பாடகன். மயிலாப்பூர்க்காரரான அவர் கீபோர்டு.

அந்தக் கீபோர்டுக்குச் சொந்தக் குரல் கிடையாது. கட்டையை அழுத்தினால் ஒயர் வழியாகச் சேதி போகும். கம்ப்யூட்டரில் இருக்கும் சாப்ட்வேர் வயலினாகவோ புல்லாங்குழலாகவோ பாடும். ஆனால் யோசித்துப் பாடும். சத்தம் கொஞ்சம் கழித்துத்தான் வரும். மாமா அசரவில்லை. எல்லாவற்றையும் சற்று முன்னதாகவே வாசித்துப் பழகிவிட்டார். பழக்கம் மேடையோடு நிற்கவில்லை. நாங்கள் ஜோக்கை முடிக்கும் முன்பே சிரிப்பார். ஓட்டலில் சர்வர் வாயைத் திறக்கும் முன்பே, "ரவா தோசை இல்லேன்னா பரவால்லை" என்பார்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் நேரே சமையற்கட்டுக்குப் போவார். கிரைண்டர் ஓடினால் வோல்டேஜ் இறங்கி, கம்ப்யூட்டர் அணைந்துவிடும்.

"கச்சேரி முடியறவரைக்கும் அரைக்காதேள். என் வயலின்காராள்லாம் மயக்கம் போட்டுடுவா."

சமையல்காரர் அவரைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

அப்படியும் சில கச்சேரிகளில் கம்ப்யூட்டர் மயக்கம் போட்டுவிட்டது. தி.நகர் ரிசப்ஷன் ஒன்றில் குழுத் தலைவர் முடிவாகச் சொன்னார்: "மாமா, இன்னிக்கும் பொட்டி படுத்துக்கிச்சுன்னா அடுத்த கச்சேரிக்கு வராதீங்க. நெசமான வயலின்காரங்களையே இட்டாந்துக்கறேன்."

எந்தக் கல்யாணத்திலும் ஒரு சித்தப்பா சோகப் பாட்டு கேட்பார். அன்றும் கேட்டார். பல்லவி முடிந்து வயலின்கள் வரவேண்டிய இடத்தில், உள்ளே யாரோ சட்னிக்குக் கிரைண்டரைப் போட்டுவிட்டார்கள். திரை இருண்டது. மாமாவின் முகமும்தான். விரல்கள் மட்டும் நிற்கவில்லை. ஊமைக் கட்டைகள்மேல் அவை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

அவரோடு பாடும்போது நான் காதை நம்புவதில்லை. சத்தத்துக்கு முன்னால் வருகிற விரலைத்தான் பார்ப்பேன். அன்றும் பார்த்தேன். விரல் போன இடமெல்லாம் 'லாலலா' என்று பின்னாலேயே போனேன். சரணம் முடியும்போது கம்ப்யூட்டர் கண்விழித்தது. சித்தப்பா எழுந்து நின்று கைதட்டினார்.

அதுவரை வாசலில் மாப்பிள்ளை வீட்டாரோடு பேசிக்கொண்டிருந்த தலைவர் ஓடிவந்தார். "இன்னா மச்சி, வயலின் காணோம்? பொட்டி படுத்துக்கிச்சா?"

"இல்லண்ணா. அந்த எடத்துல குரல் வெச்சா நல்லாருக்கும்னு மாமாதான் சொன்னாரு."

"நல்லாத்தான் கீது. அடுத்த கச்சேரிலயும் வெச்சிருங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"ஏன்டா பொய் சொன்னே?" என்றார் மாமா மெல்ல.

பின்னே? நெசமான வயலின்காரர்கள் எத்தனை பேர் வந்தாலும் எனக்கு அந்த மாமாதான் வேண்டியிருந்தது.