தரம் பாய் சொல்லாத சொல்

திண்டுக்கல் நகரம் முழுவதிலும், ஒருவரைக் கண்டதும் 'சௌக்கியமா?' என்று கேட்காத ஒரே மனிதர் தரம் பாய்தான். அவர் கேட்பது வேறு: "உனக்கு என்ன வரும்?"

கல்யாண வீட்டில் மாப்பிள்ளையிடம் கேட்பார். எழவு வீட்டில், அழுகிறவர் மூக்கைச் சிந்துகிற இடைவெளியில் கேட்பார். சைக்கிளில் விளக்கு இல்லை என்று பிடித்த போலீஸ்காரரிடமும் கேட்டார். அவருக்குக் கோலம் போட வரும் என்று கண்டுபிடித்து, மறுவாரம் எங்கள் சந்தில் நடந்த கல்யாணத்துக்கு அவரை வாசலில் குந்த வைத்துக் கோலம் போட வைத்தார். சைக்கிளுக்குக் கடைசி வரை விளக்கு வாங்கவில்லை.

பாயின் சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. பேகம்பூர்ப் பக்கம் ஒரு தோல் மண்டியில் தரம் பிரிக்கிற வேலை. ஆட்டுத்தோலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார், தலையைச் சாய்ப்பார், கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவார், முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று மூன்று குவியலாக வீசுவார். அந்தப் பழக்கம் மண்டியோடு நிற்கவில்லை. நம்மோடு பேசும்போதும் தலை சாயும், கட்டைவிரல் காற்றைத் தடவும். ஆனால் மனிதர்கள் விஷயத்தில் அவரிடம் மூன்றாவது குவியல் கிடையாது. இது எனக்கு உறைக்க ரொம்ப நாளாயிற்று. மூளை விஷயத்தில் எனக்கு எதுவும் சீக்கிரம் நடந்ததில்லை.

அறுபதுகளின் தொடக்கம். நான் ஒரு பஸ் கம்பெனியில் குமாஸ்தா. சந்தின் கடைசி வீட்டில் சவரியம்மாள் தனியாக இருந்தார். சந்தில் பாதிப் பேரைப் பிறக்கும்போது கையில் ஏந்திய மருத்துவச்சி. என்னையும்தான். "நீ நேரா வரலைலே, குறுக்கால வந்தே. அப்பவே நெனைச்சேன்" என்பார்.

அந்த வருஷம் தீபாவளி மழையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, கட்டிலோடு கிடந்தார். மதுரையில் மில் வேலை பார்த்த மகன் வந்தார். அவர் இருந்தது ஒற்றை அறையில், நான்கு பிள்ளைகளோடு.

"ஈஸ்டருக்கு வாரேன்மா. அதுவரைக்கும் உன்னைப் பாத்துக்க ஆளு இருந்தா இங்கனயே இரு. இல்லேன்னா மதுரையில சிஸ்டர்க நடத்துற மடத்துல சேத்துருவேன்."

"நான் இந்தச் சந்தைவிட்டு வரமாட்டேன். வேணும்னா நீ மடத்துல போயிச் சேரு" என்றார் சவரியம்மாள்.

மறுநாள் காலை தரம் பாய் கட்டிலருகே வந்து நின்றார். தலை சாய்ந்தது.

"சவரியக்கா, உனக்கு என்ன வரும்?"

சுற்றி நின்ற பெண்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏன் பாயி, எந்திரிச்சு நிக்கமாட்டாம கெடக்குறவகிட்டக் கேக்குற கேள்வியா இது?" என்றார் சவரியம்மாள்.

"காலு வராது, தெரியும். கையி?"

"கையிக்கென்ன, நல்லாத்தான் இருக்கு."

"அப்பப் புள்ளைகளப் பிடி."

குழாயில் ஆத்தூர் அணைத் தண்ணீர் வருகிற நேரத்தில், குடத்தைத் தூக்குவதா பிள்ளையைத் தூக்குவதா என்று தவித்த பெண்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து கட்டிலில் போட்டார்கள். இரண்டு கையிலும் இரண்டு, வயிற்றின்மேல் ஒன்று. எல்லாவற்றுக்கும் சவரியம்மாள் மாந்தம் பார்த்தார், சுளுக்கு நீவினார், தாய்மார்களைத் திட்டினார். இடுப்பு முறிந்த ஆளுக்கு இம்புட்டு வேலையா என்று டாக்டரே அதிசயப்பட்டார்.

மறுபக்கம், சவரியம்மாளைப் பார்த்துக்கொள்கிற வேலையிலும் பாய் யாரையும் விடவில்லை. மூட்டை தூக்குகிற முத்துக்கருப்பனுக்கு, காலையில் கட்டிலை அப்படியே தூக்கி வெயிலில் வைக்கிற வேலை. எதிர் வீட்டுக் காமாட்சிக்குக் கஞ்சி காய்ச்சுகிற வேலை. காமாட்சியின் பத்து வயது மகளுக்கு, சவரியம்மாளின் தலையைப் பின்னிவிடுகிற வேலை. எல்லோருக்கும் ஒன்று அமைந்தது. நான் மட்டும் மிஞ்சினேன்.

"தம்பி, உனக்குச் சமைக்க வருமா?"

"வராது பாய்."

"தூக்க?"

"என்னையே ரெண்டு பேர் தூக்கணும்."

பாயின் கட்டைவிரல் வெகுநேரம் காற்றைத் தடவியது. "என்னதான்டா வரும்?"

"நாலு பேர மாதிரி நடிச்சுச் சிரிக்க வைக்க வரும்" என்றேன் விளையாட்டாக.

பாய் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "அக்காவுக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் வலி கூடுது. அந்நேரம் வந்துரு."

வந்தேன். அதுவரை என்னை ஒரு காரியத்துக்கு ஆகிற ஆளென்று நம்பி நேரம் குறித்துக் கொடுத்தவர் யாருமில்லை. என் மேனேஜரை நடித்தேன், கண்டக்டரை நடித்தேன். சவரியம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "போதும்லே, எலும்பு நகருது" என்று கெஞ்சுவார். எல்லாவற்றிலும் அவருக்குப் பிடித்தது நான் நடித்த தரம் பாய்தான். பாய் சில நாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "தலை இன்னுஞ் செத்தச் சாயணும்" என்று திருத்தம் சொல்லிவிட்டுப் போவார்.

தை மாதம் வாலிபர் சங்க ஆண்டு விழா வந்தது. மேடையில் தரம் பாயை நடித்தேன். கையில் நிஜ ஆட்டுத்தோல். முதல் ஐந்து நிமிஷம் நல்ல சிரிப்பு. அப்புறம் குறைந்தது. சிரிப்பு குறைவது எனக்குப் பொறுக்காது. மேடையிலிருந்தே ஆட்களைத் தரம் பிரிக்க ஆரம்பித்தேன்.

"முத்துக்கருப்பன்: ஒடம்பு முதல் தரம், உச்சந்தலையில மட்டும் ஓட்டை! காமாட்சி கஞ்சி: கழிவு! நாய்கூட மோந்து பாத்துட்டுப் போயிருச்சு! மொத்தத்துல இந்தச் சந்தே கழிவு!"

அதோடு நிறுத்தியிருக்கலாம். கைதட்டல் மயக்கத்தில், "நானாச் சொல்லலைங்க, பாய் எங்கிட்டத் தனியாச் சொன்னது!" என்றும் சேர்த்துவிட்டேன்.

பக்கத்துச் சந்துக்காரர்கள் விசிலடித்தார்கள். எங்கள் சந்துக்காரர்கள் எழுந்து போனார்கள்.

மறுநாள் காலை கட்டில் வெயிலுக்கு வரவில்லை. முத்துக்கருப்பன் பாயை வழிமறித்து நின்றான். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"பாய், எனக்கு உச்சந்தலையில ஓட்டைன்னு சொன்னீரா? ஆமான்னு சொல்லும், இல்லேன்னு சொல்லும்."

பாய் என்னைப் பார்த்தார். 'இல்லை' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், முத்துக்கருப்பன் என்னை மூட்டையாகக் கட்டியிருப்பான். நான் திடீரென்று செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தேன்.

"கோவிச்சுக்கிடாதே முத்து" என்றார் பாய். வேறொன்றும் சொல்லவில்லை.

சவரியம்மாள் மேல் யாருக்கும் கோபமில்லை. பாய் சொன்ன வேலையை இனிச் செய்வதில்லை என்பதுதான் கோபம். நாம் செய்யாவிட்டால் வேறு யாராவது செய்வார்கள் என்று ஒவ்வொரு வீடும் நினைத்தது. "கழிவுக் கஞ்சி எதுக்காம்?" என்று காமாட்சி அடுப்பை அணைத்தாள். மகளையும் அனுப்பவில்லை. பிள்ளைகள் மறுபடி தாய்மார் இடுப்பிலேயே குழாயடிக்குப் போயின. பாய், கடையிலிருந்து இட்லி வாங்கிவந்தார். தானே கட்டிலைத் தூக்கப் பார்த்தார். அவர் உடம்புக்குக் கட்டிலின் ஒரு பக்கம்தான் எழும்பியது.

நான் மட்டும் ஐந்து மணிக்குத் தவறாமல் போனேன். சவரியம்மாள் சிரிக்கவில்லை. "வெளிய என்னலே சத்தத்தையே காணோம்?" என்று மட்டும் கேட்டார்.

உண்மையைச் சொல்ல எனக்கு இரண்டு மாதத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. தினமும் நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன்.

ஈஸ்டருக்கு மகன் வந்தார். பார்த்தார். ரயிலடிக்குப் போக ஜட்கா வண்டி கொண்டுவந்தார். தூக்கி ஏற்ற ஆள் வேண்டுமே! முத்துக்கருப்பன் தானாக வந்து, பூக்கூடையைத் தூக்குவதுபோல் தூக்கி வைத்தான். காமாட்சி தூக்குவாளியில் கஞ்சி கொடுத்தாள். சந்து முழுக்க அழுதது. எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை, வண்டி கிளம்புகிற நேரத்தில் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து காட்டினோம்.

வண்டி திரும்பிய பிறகு பாயிடம் போனேன்.

"பாய், நான்தான் பொய் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா சந்துக்காரங்க உன்னைய அக்கா வீட்டுக்குள்ள விடமாட்டாங்க. அக்காவுக்கு அஞ்சு மணிக்கு யாரு?" தலை சாய்ந்தது. "அதுவுமில்லாம, உனக்கு வர்றதே அது ஒண்ணுதான். அதையும் பிடுங்கிட்டா நீ என்னடா பண்ணுவே?"

மதுரைக்கு நான்கு ஞாயிறு போய்ச் சிரிக்க வைத்தேன். ஐந்தாவது ஞாயிறு சினிமாவுக்குப் போனேன். அப்புறம் போகவில்லை.

சில வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக மதுரை போனபோது, மனசு உறுத்தி, பிஸ்கட் பொட்டலத்தோடு அந்த மடத்துக்குள் நுழைந்தேன். சவரியம்மாள் போன ஈஸ்டருக்கு முந்தைய தவசுக் காலத்தில் இறந்துவிட்டார் என்றார், நான் முன்பு பார்த்திராத ஒரு சிஸ்டர். என் பெயரைச் சொன்னதும் என்னை உற்றுப் பார்த்தார்.

"ஓ, அந்தத் தம்பி நீங்கதானா! மாசா மாசம் திண்டுக்கல்லேருந்து ஒரு பாய் வருவாருங்க. கட்டில் பக்கத்துல நின்னு உங்கள மாதிரி நடிச்சுக் காட்டுவாரு. எங்களுக்கு ஒருத்தருக்கும் சிரிப்பு வராது. அந்தம்மா மட்டும் கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிப்பாங்க."

அதற்குள் பாயும் மகளோடு ஆம்பூர்ப் பக்கம் போய்விட்டிருந்தார். பாயைக் கேட்க வழியில்லாமல், என்னை எப்படி நடித்தார் என்று சிஸ்டரிடமே கேட்டேன். சிஸ்டருக்குச் சொல்லத் தெரியவில்லை.

நேரில் இருந்ததைவிட நான் அதில் நல்லவனாகத்தான் இருந்திருப்பேன். நடித்தது பாய் அல்லவா!