எதுக்கெது அண்ணன் நம்பாத சீட்டுகள்

ஒட்டியிருக்கும் எந்தச் சீட்டையும் நம்பாத மனிதர் மலாக்காவிலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் காஜா பெராங்கில் எங்கள் அடுத்த வீட்டுக்காரராக வாய்த்தது என் அதிர்ஷ்டம். வயர்மேன் வேலை. எதைப் பார்த்தாலும் "எதுக்கு எது?" என்று கேட்பதால் எதுக்கெது அண்ணன். சீனி என்று எழுதிய டின்னில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்த பிறகுதான் காப்பி கலப்பார். பத்து பெரெண்டாம் ஊருக்குப் போகும் பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரை போய், "பலகையில போட்டது சரிதான்" என்று சொல்லிவிட்டு அதே பஸ்ஸில் திரும்பியவர்.

மெர்டேக்கா என்று நாடு சுதந்திரம் கொண்டாடிய புதிதில் பண்டார் ஹிலிரில் ஒரு ரப்பர் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். எனக்கு முன்னால் ஒரு பலகை. அதில் முப்பது ஓட்டைகள், ஒவ்வொன்றின் கீழும் பெயர்ச்சீட்டு. வெள்ளைக்காரர்கள் கிளம்பிப் போய் நம்மவர்கள் அறை மாறி உட்கார்ந்ததும், ஆபீஸ் எழுத்தர்களுக்குத் தலைவரான பெரிய கிராணி புதுப் பெயர்களை அறை வரிசைப்படி அழகாக ஒட்டிவிட்டார். பின்னால் வயர்களின் எண்கள் வேறு வரிசையில் ஓடுவது அவருக்குத் தெரியாது. மேனேஜர் ஓட்டையில் போன் வயரைச் செருகினால் ஸ்டோர் பேசும். சிங்கப்பூரிலிருந்து மேனேஜருக்கு வந்த அழைப்பை ஸ்டோரில் காப்பி கலக்குபவர் எடுத்து, பால் தீர்ந்துவிட்டது என்றார்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "சனிக்கிழமைக்குள்ள சரியா வரணும். இல்லன்னா திங்கக்கிழமை வர வேணாம்மா."

எங்கள் வீடு என் சம்பளத்தில்தான் ஓடியது. அழுதுகொண்டே அண்ணனிடம் போனேன்.

மறுநாள் காலை ஒரு பேட்டரி, ஒரு டார்ச் பல்பு, கொஞ்சம் வயரோடு ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"சீட்டை மாத்தி ஒட்டினா போதாதாண்ணே?"

"எதுக்கு எதுன்னு பார்க்காம ஒட்டினதுலதான்லா இவ்வளவு வம்பும்."

ஒவ்வோர் அறையாகப் போய் அங்குள்ள வயரில் பேட்டரியை இணைப்பார். பலகைக்குப் பின்னால் நான் ஒவ்வோர் எண்ணிலும் பல்பை வைத்துப் பார்ப்பேன். எரிந்த எண்ணைக் கத்திச் சொன்னால் காகிதத்தில் குறித்துக்கொள்வார். மூன்று நாள் இதே கூத்து. மேனேஜர் யாரிடமோ பணிவாகப் பேசிக்கொண்டிருந்தபோது அண்ணன் அவர் அறைக்குள் நுழைந்தார்.

"போனைக் கொஞ்சம் வைங்க. இது யாரு போன்னு பார்க்கணும்."

"நான் மேனேஜர்யா."

"அது கதவுல போட்டிருக்கு. வயர் என்ன சொல்லுதுன்னு பார்த்துட்டு வர்றேன்."

வயர் அவரை ஸ்டோர் என்றது. முப்பதும் முடிந்ததும் அந்தக் காகிதத்தைப் பார்த்துப் பலகையின் சீட்டுகளை மாற்றி ஒட்டினார்.

சனிக்கிழமை மதியம் மேனேஜர் தன் அறையிலிருந்து ஒவ்வோர் அறையாகக் கேட்டார். ஒவ்வொன்றாகச் செருகினேன். எல்லாம் சரியாகப் போய்ச் சேர்ந்தது. கடைசியில் காப்பி கலக்குபவரைக் கேட்டு, "பால் இருக்கா?" என்றார். பிறகு என்னிடம், "திங்கக்கிழமை வாம்மா."

அண்ணன் அதற்குள் போய்விட்டிருந்தார். பலகையின் பின்கதவைத் திறந்தேன். உள்ளே அவருடைய காகிதம் ஒட்டியிருந்தது. இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் வயர் எண், முப்பது வரிகள். அடியில் முப்பத்தோராவதாக ஒன்று: "முன்னால் உட்காரும் பெண். சோதித்தாயிற்று. சரியான ஆள்."

வேலையை விட்டபோது அதைப் பிய்த்து எடுத்து வந்துவிட்டேன். என்னைப் பற்றி யார் என்ன சொன்னாலும், நான் நம்பும் சீட்டு அது ஒன்றுதான்.