சோளத்துக்கு அடியில ஒரு பாலம்

போன செவ்வாய்க்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. போட்டு முடிச்ச ரோட்டுல போய் ஒரு போட்டோ எடுக்கணும்.

நான் ரோடு போடுற டிபார்ட்மென்ட்ல உதவிப் பொறியாளர். நாமக்கல் பக்கம் கிராமத்து ரோடு, சின்னப் பாலம் எல்லாம் என் தலையில. ரோடு போடறதுகூட சுலபம்ங்க. போட்டுட்டோம்னு ஆபீஸை நம்ப வைக்கிறதுதான் பெரும்பாடு.

மாவட்டத்துல நடக்கிற ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஆப்ல ஒரு கட்டம் இருக்கு. முடிஞ்சா பச்சை, முடியலைன்னா சிவப்பு. அந்தக் கட்டத்தைப் பாத்துதான் நாங்க வேலை செய்யறோமா, தூங்கறோமான்னு முடிவு பண்ணுவாங்க.

காலையில எங்க கோட்டப் பொறியாளர் கூப்பிட்டார்.

"ஏம்மா, மூணு மணிக்குக் கலெக்டர் ஆய்வுக் கூட்டம். மாவட்டமே பச்சையா இருக்கு. உன் ரோடு மட்டும் சிவப்பு!"

"சார், வேலை முடிஞ்சு பத்து நாளாச்சு சார்!"

"அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். ஆப்புக்குத் தெரியாதே? பாலத்து போட்டோ இன்னும் ஏறலை. மூணுக்குள்ள ஏறலைன்னா மெமோதான், சொல்லிட்டேன்."

ஏற்கெனவே ஒரு மெமோ வாங்கினவ நான். இன்னொண்ணு வந்தா ப்ரமோஷன் லிஸ்ட்ல என் பேர் வராது. பதினெட்டு வருஷ சர்வீஸ்.

ஆனாலும் தைரியமாத்தான் கிளம்பினேன். போட்டோ தானே? அரை மணி நேர வேலை. எங்க ஜீப் டிரைவர் முருகேசண்ணன்கிட்ட, "சாப்பாட்டுக்குத் திரும்பிடலாம்ணா"ன்னு வேற சொன்னேன். வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்.

பன்னெண்டரைக்கு ஊருக்குள்ள போனோம். முருகேசண்ணன் பிரேக் போட்டார்.

"மேடம், ரோட்டைக் காணோம்."

நிஜமாவே காணோம்! நான் போட்டது கறுப்பு ரோடு. அங்க இருந்தது மஞ்சள் ரோடு. இந்த முனையில இருந்து பாலத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் மக்காச்சோளம். ரெண்டு பக்கமும் வரிசையாக் கல்லு வெச்சு, நடுவுல பைக் போக ஒரு ஒத்தையடிப் பாதை மட்டும் விட்டிருந்தாங்க. அதுவும் பெரிய மனசு பண்ணி.

சோளத்துக்கு நடுவுல ஒரு அம்மா பலகையால கிண்டி விட்டுக்கிட்டிருந்தாங்க. பேர் பழனியம்மா. நான் ஜீப்பை விட்டு இறங்கினதும் முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க அம்மிணி! நீங்கதானுங்க இந்த ரோட்டைப் போட்டது?"

"ஆமாங்க்கா. அந்த ரோடு எங்கீங்க?"

"இதா, இதுக்கு அடியில இருக்குதுங்க!"

அடுத்து ஒரு பாராட்டு மழை. "என்னா ரோடுங்க அம்மிணி! முன்னெல்லாம் இங்க காயப்போட்டா சோளத்துல பாதி கல்லுங்க. சோளம் வாங்க வர்ற ஏவாரி கையில அள்ளிப் பாத்துட்டு மூஞ்சியச் சுளிப்பாரு. இப்பப் பாருங்க, சோத்தைப் போட்டுத் திங்கலாமுங்க!"

எனக்கு உச்சி குளிர்ந்து போச்சு. அதிகாரமா நாலு வார்த்தை கேக்கணும்னு நினைச்சு வந்தவ, "அப்படிங்களா"ன்னு இளிச்சுக்கிட்டு நின்னேன்.

அப்புறம் நிலைமையைச் சொன்னேன். ரோடும் பாலமும் தெரியிற மாதிரி போட்டோ எடுக்கணும், இல்லைன்னா என் வேலைக்கே வேட்டு.

"எனக்கும் அதே கதைதானுங்க"ன்னாங்க அக்கா. "மூணு மணிக்கு ஏவாரி லாரி வருதுங்க. கோழித் தீவனத்துக்குப் போற சோளம். மிஷினை வெச்சு ஈரம் பாப்பாரு. பதினாலுக்கு மேல காட்டுச்சுன்னா லாரியத் திருப்பிக்கிட்டுப் போயிருவாரு. மறுக்கா எப்ப வருவாரோ! நீங்க பாலத்து மேல மட்டும் ஒதுக்கி எடுத்துக்கோங்க. சித்த ஒரு கை புடிங்க."

புடிச்சேன். ஒரு பலகையை வாங்கி நானும் தள்ள ஆரம்பிச்சேன். இன்ஜினியரிங் படிச்சவளுக்கு சோளம் தள்ளத் தெரியாதுங்கிறது அப்பதான் தெரிஞ்சுது. நான் ஒரு பக்கம் தள்ளினா, அது கைப்பிடிச் சுவர்ல முட்டி மறுபக்கம் என் செருப்புக்குள்ளயே வந்துச்சு.

"அம்மிணி, நீங்க தள்ள வேண்டாம். சும்மா நில்லுங்க, அதே உதவி"ன்னாங்க அக்கா.

நான் கேக்கலை. நமக்குத்தான் ரோஷம் வந்துடுமே! போனை முருகேசண்ணன் கையில குடுத்து, ஆப்பைத் திறந்து வெச்சு, கண்டிப்பா ஒரு உத்தரவும் போட்டேன்.

"அண்ணா, இங்கயே நில்லுங்க. என்ன நடந்தாலும் சரி, ரெண்டே முக்காலுக்கு இந்தப் பட்டனை அமுக்கிடுங்க. எடுத்ததும் ஆப் தானாவே அனுப்பிடும், ஒரு தடவைதான் எடுக்க முடியும். மறந்துடாதீங்க!"

"மறக்க மாட்டேன் மேடம்"ன்னார். மனுஷன் இருபத்தஞ்சு வருஷமா சொன்னதைச் சொன்னபடி செய்யறவர்.

பாலத்துல பாதி ஒதுக்கியிருப்போம். மேக்கே இருந்து ஒரு குளிர்காத்து. நிமிர்ந்து பாத்தா வானம் கருகருன்னு இருக்கு.

"ஐயோ சாமி, மழைங்க!"ன்னு அக்கா அலறினாங்க.

அந்த அலறல்ல எனக்குப் போட்டோ மறந்து போச்சு. மூணு மாசத்து வெள்ளாமை ரோட்டுல கிடக்கு. அக்கா முகத்துல ரத்தமே இல்லை. ஊட்டுக்குள்ள இருந்தவங்க எல்லாம் சாக்கும் தார்ப்பாயுமா ஓடி வந்தாங்க. ஆளுக்கொரு பக்கம் குவிக்கப் பாத்தாங்க. ரோட்டோரம் குவிச்சா தண்ணி வந்து தேங்கும், மொத்தமும் ஊறிடும்னு எனக்குத் தெரியும்.

கத்தினேன். "பாலத்து மேல குவிங்க! எல்லாத்தையும் பாலத்து மேல!"

"பாலத்து மேலயா?"

"ஆமா! நடுவுல மேடு, ரெண்டு பக்கமும் சரிவு வெச்சுக் கட்டியிருக்கேன். தண்ணி வடியக் குழாயும் இருக்கு. ஒரு சொட்டு நிக்காது. நான் கேரண்டி!"

சர்க்கார் வேலையில நான் கேரண்டின்னு சொன்னது அதுதான் முதல் தடவை. வாயில வந்துடுச்சு.

எல்லாரும் தள்ளினோம். குவியல் ஏறிக்கிட்டே போச்சு. தார்ப்பாய் பத்தலை. "ஜீப்ல பேனர் இருக்கு, எடுத்துட்டு வாங்க!"ன்னு கத்தினேன். யாரோ ஓடிப்போய்க் கொண்டு வந்தாங்க. போட்டோவுக்குப் பின்னாடி கட்டறதுக்காக ஆபீஸ்ல குடுத்தனுப்பின பேனர். "பணி நிறைவுற்றது"ன்னு கொட்டை எழுத்துல இருக்கும். அதைப் பிரிச்சுக் குவியல் உச்சியில போட்டு, காத்துல பறக்காம இருக்க நானே மேல ஏறி நின்னுக்கிட்டேன். சுடிதாரைச் சொருகிக்கிட்டு, ரெண்டு கையையும் ஆட்டி, "அந்தப் பக்கம் மூடுங்க! அந்தப் பக்கம்!"

மழை கொட்டுச்சு. அந்த நேரத்துல, குடை புடிச்சுக்கிட்டு, சொன்ன இடத்துல சொன்ன மாதிரியே நின்னுக்கிட்டிருந்த முருகேசண்ணன் கடிகாரத்தைப் பாத்தார்.

ரெண்டே முக்கால்.

அமுக்கிட்டார்.

அரை மணியில மழை விட்டுச்சு. ஏவாரி லாரியும் வந்து நின்னுச்சு. ரோடு கழுவி விட்டு, கறுகறுன்னு, வெள்ளைக் கோடு பளிச்சுன்னு, அப்படி ஒரு அழகு! "இப்ப எடுங்கண்ணா!"ன்னேன்.

"அப்பவே அனுப்பிட்டேன் மேடம். சரியா ரெண்டே முக்காலுக்கு."

போனை வாங்கிப் பாத்தேன். பாலம் எங்கயும் இல்லை. மலை மாதிரி சோளம். உச்சியில நான். என் காலுக்குக் கீழ "பணி நிறைவுற்றது".

அதை அழிக்க வழி தேடறதுக்குள்ள வீடியோ கால் வந்துடுச்சு. கூட்டத்துல உதவிப் பொறியாளர்கள் எல்லாம் போன்லயே கலந்துக்கணும். அங்க கலெக்டர் ஆபீஸ் பெரிய திரையில என் போட்டோ தெரிஞ்சுது. கலெக்டர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டுப் பாத்தார்.

"பாலம் எங்கம்மா?"

"சோளத்துக்கு அடியில இருக்குங்க சார்."

"மேல நிக்கிறது யாரு?"

கோட்டப் பொறியாளர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். பொய் சொல்ல வழியே இல்லை. என் தலையில அப்பவும் சோளம் ஒட்டியிருந்துச்சு.

"நான்தான் சார்."

கூட்டம் மொத்தமும் சிரிச்சுது. கலெக்டர் சிரிக்கலை. "மழை பெய்ஞ்சுதே, பாலத்துல தண்ணி நின்னுதா?"

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பின்னாடி இருந்து பழனியம்மாக்கா குரல், ஊருக்கே கேக்கற மாதிரி: "அம்மிணி! பதிமூணுங்க! அடியில இருந்து அள்ளி வெச்சுப் பாத்தும் பதிமூணு! ஏவாரி எல்லாத்தையும் ஏத்திக்கறேன்னுட்டாரு!" சொல்லிக்கிட்டே ஓடி வந்து என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க. அழுதாங்க. எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு. கேமரா ஓடிக்கிட்டிருக்கிறது ரெண்டு பேருக்குமே ஞாபகம் இல்லை.

"என்னம்மா பதிமூணு?"ன்னார் கலெக்டர்.

"சோளத்தோட ஈரம் சார். பாலத்துல தண்ணி நிக்கலை சார்."

இப்பதான் அவர் சிரிச்சார். கட்டம் பச்சையாச்சு. மெமோ இல்லை.

ரெண்டு நாள் கழிச்சு கூட்டக் குறிப்பு வந்துச்சு. நம்மளைப் பாராட்டி ஒரு வரியாவது இருக்கும்னு ஆசையாப் பிரிச்சேன். ஏழாவது வரியில இருந்தேன்: "சாலைகளிலும் பாலங்களிலும் தானியம் உலர்த்துவதை உடனடியாகத் தடுக்க வேண்டும். பொறுப்பு: உதவிப் பொறியாளர்."

வேற வழி? அதைச் சொல்ல மறுபடியும் ஊருக்குப் போனேன். பழனியம்மாக்கா பொறுமையாக் கேட்டாங்க.

"செரிங்க அம்மிணி, உங்களுக்குக் கெட்ட பேர் வரக்கூடாது. ஒண்ணு பண்ணுங்க. அடுத்த தடவ ரோடு போடறப்ப முன்ன மாதிரி மோசமாப் போட்டுருங்க. யாரும் காயப்போட மாட்டோம்."

பதினெட்டு வருஷத்துல என் வேலைக்குக் கிடைச்ச ஒரே நற்சான்றிதழ் இது. ஃபைல்ல வைக்கத்தான் வழியில்லை.